சாராயக்கடைகளை வரைபடத்தில் குறித்தால் யார் மனம் மாறும்?

வாவிக்கரையான் | வெள்ளி, இரவு 8.40

எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் இருக்கிறது. பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் விடிவதற்குள் யாராவது தொலைபேசி எடுத்து "தம்பிக்கு ஏன் இந்த வேலை?" என்று கேட்பார்கள். துறையடியில் புதிதாக ஒரு மதுபானசாலைக்கு அனுமதி கேட்டு விண்ணப்பம் போயிருக்கிறது. மாதர் சங்கமும் கிராம அபிவிருத்திச் சங்கமும் சேர்ந்து மனுக் கொடுத்திருக்கின்றன. முன்பு வேறொரு விடயத்துக்குக் கொடுத்த மனு எந்த அலுமாரியில் உறங்குகிறது என்பது அந்த அலுமாரிக்கே தெரியாது. அதனால் இம்முறை எழுத்தை மட்டும் நம்பாமல் ஒரு வரைபடம் செய்திருக்கிறேன்.

செய்மதிப் படத்தின் மேல் கடைகளுக்கெல்லாம் சிவப்புப் புள்ளி. பாடசாலையை நடுவாக வைத்து 2 கிலோமீற்றர் வட்டம். வட்டத்துக்குள் 3 புள்ளிகள் விழுகின்றன. புதியது வந்தால் 4. பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் சுவரில் ஒட்டிவிட்டு வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். பார்த்தவுடன் நெஞ்சில் தைக்க வேண்டும். படத்தை இணைத்திருக்கிறேன். மாவட்டம் முழுவதையும் கடை எண்ணிக்கைக்கு ஏற்ப நிறம் தீட்டிய இரண்டாவது படமும் கூடவே இருக்கிறது. புள்ளியை இன்னும் பெரிதாக்கவா?

எதிர்க்காற்று | வெள்ளி, இரவு 8.52

பெரிதாக்குங்கள். என் மச்சானுக்குக் கண் கொஞ்சம் மங்கல். படத்தை இப்போதே கைப்பேசியில் சேமித்துக்கொண்டான். மூன்றாவது கடை இருப்பது இவ்வளவு நாளும் அவனுக்குத் தெரியாதாம்.

சங்கிலி66 | வெள்ளி, இரவு 9.30

தம்பி, நான் நில அளவைத் துறையில் படம் வரைந்து ஓய்வு பெற்றவன். 66 அடிச் சங்கிலியை இழுத்த கை இது. உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வட்டம் அழகாக இருக்கிறது. ஆனால் அது வாவியின் மேல் நடந்து அக்கரைக்குப் போயிருக்கிறது.

மூன்று புள்ளிகளில் இரண்டு எழுவான்கரையில் இருக்கின்றன. இடையில் தண்ணீர். காகம் பறக்கும் தூரம் 2 கிலோமீற்றருக்குள்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் உங்கள் ஊர்ப் பிள்ளை காகமில்லை. அவன் அந்தக் கடைக்குப் போவதென்றால் துறையில் நின்று 'பாதை' வரும்வரை காத்திருக்க வேண்டும், அல்லது சுற்றிப் பாலத்தால் போக வேண்டும். (வெளியூர் நண்பர்களுக்கு: இங்கே பாதை என்றால் தரையில் கிடப்பதன்று, ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவை. குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையில் ஓடுவது அதுதான்.) கூட்டத்தில் இருப்பவர்களில் ஒருவராவது அந்தப் பாதையில் ஏறியவராக இருப்பார். அவர் எழுந்து "இந்த இரண்டு கடையும் மறுகரையில் அல்லவா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். மூன்றாவது புள்ளியும் பொய்யாகிவிடும், மனுவும் பொய்யாகிவிடும், கையொப்பம் வைத்த பெண்களும் பொய்யர்களாகிவிடுவார்கள்.

புள்ளியைப் பெரிதாக்க வேண்டாம். வட்டத்தை அழியுங்கள்.

வாவிக்கரையான் | வெள்ளி, இரவு 9.47

ஐயா, வணக்கம். நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் நான் நீதிமன்றத்துக்குப் படம் வரையவில்லை. மனதை மாற்ற வரைகிறேன். மதுக் கம்பனிக்காரர்கள் விளம்பரம் செய்யும்போது காகத் தூரமா பார்த்தார்கள்? கொஞ்சம் கூட்டிக் காட்டினால் என்ன குறைந்துவிடும்?

சோக்குக்கட்டி | வெள்ளி, இரவு 10.20

புகையிலை, மதுசாரம் பற்றிய 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு அவர்கள் வெளிப்படையாக விளம்பரம் செய்ய முடியாது, தம்பி. அதையும் கூட்டிச் சொல்லாதீர்கள். இனி விடயத்துக்கு வருகிறேன். முப்பது வருடம் புவியியல் படிப்பித்தவன் என்பதால் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் செய்திருப்பது புதிய வேலை அன்று. 1883இல் ஒக்ஸ்போர்ட் நகருக்கு மதுவிலக்குக்காரர்கள் இப்படி ஒரு படம் அச்சிட்டார்கள். நகர வரைபடத்தின் மேல் மதுக்கடைகளும் வடிசாலைகளும் சிவப்பாகக் குறிக்கப்பட்டிருந்தன. சில வருடங்கள் கழித்து, 1886 அளவில், தேசிய மதுவிலக்குக் கழகம் லண்டனுக்கு ஒன்று வெளியிட்டது. தலைப்பு 'லண்டனின் நவீன கொள்ளைநோய்'. தலைப்பைக் கவனியுங்கள். 1854இல் சோஹோ பகுதியில் கொலரா பரவியபோது மருத்துவர் ஜோன் ஸ்னோ இறந்தவர்களின் வீடுகளைப் படத்தில் குறித்து, எல்லாம் ஒரு தண்ணீர்ப் பம்பைச் சுற்றியே குவிந்திருப்பதைக் காட்டியிருந்தார். முப்பது வருடம் கழித்து வந்தவர்கள் புள்ளியால் நோயைக் காட்டும் அதே பழக்கத்தைக் கையில் எடுத்து, மதுக்கடையை நோயாக்கினார்கள். (இதில் ஒரு வேடிக்கை. அந்தப் பம்புக்குப் பக்கத்தில் ஒரு பியர் வடிசாலை இருந்தது. அங்கே வேலை செய்தவர்களுக்குக் குடிக்கப் பியர் கிடைத்ததால் பம்புத் தண்ணீரைத் தொடவில்லை. அவர்களில் ஒருவரும் கொலராவால் சாகவில்லை. எதிர்க்காற்றின் மச்சானிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்.)

அமெரிக்காவில் இது இன்னும் விளையாட்டாகப் போயிற்று. 1838இலேயே ஒருவர் கற்பனைக் கடல்களையும் தீவுகளையும் வைத்து மதுவிலக்கு உலகப்படம் வரைந்தார். 1908இல் இன்னொருவர் புகையிரதப் பாதைப் படமே வரைந்தார். முடிவெடுக்கும் ஊர் என்ற நிலையத்தில் தண்டவாளம் பிரிந்து ஒன்று மோட்சத்துக்கும் மற்றது அழிவுக்கும் போகிறது. அதை எந்த அரச அலுவலகத்திலும் கொண்டுபோய் வைக்க முடியாது. ஆனால் ஒக்ஸ்போர்ட் படத்தை வைக்கலாம். ஏனென்றால் அதை யாரும் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி, இந்தக் கடை இருக்கிறதா இல்லையா என்று பார்க்கலாம். சங்கிலி ஐயா சொல்வதும் அதுதான் என்று நினைக்கிறேன்.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் அனுமதிப்பத்திரத்தை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிப்பது உள்ளூர் நீதவான்கள். வெஸ்ட்மோர்லாந்து மலைப் பக்கம் கென்ட்மியர் என்ற இடத்தில் ஒரு சிறு விடுதிக்கு அவர்கள் புதுப்பிக்க மறுத்தார்கள். சொன்ன காரணங்கள்: அந்த இடம் பொலிஸ் கண்காணிப்புக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது, அந்தப் பகுதியின் தேவைக்கு அது வேண்டியதில்லை. வழக்கு பிரபுக்கள் சபை வரை போய், 1891இல் நீதவான்களுக்கு அந்த அதிகாரம் உண்டு என்று தீர்ப்பானது. அங்கே கடை எத்தனை என்பது கேள்வியே இல்லை. தூரமும் தேவையும்தான் கேள்வி. துறையடிக்கு மிக அருகில் உள்ள பொலிஸ் நிலையம் எத்தனை கிலோமீற்றர்?

வாவிக்கரையான் | வெள்ளி, இரவு 10.31

வீதியால் 9. மழைக்காலத்தில் அதுவும் இல்லை.

சோக்குக்கட்டி | வெள்ளி, இரவு 10.33

அதைப் படத்தில் போடுங்கள்.

கடற்கரைவீதி நானா | சனி, காலை 6.15

சுபஹுத் தொழுகைக்குப் பிறகு வாசித்தேன். காத்தான்குடியில் இருந்து ஒரு வார்த்தை. தம்பி வாவிக்கரையான் இணைத்த இரண்டாவது படம், மாவட்டம் முழுவதையும் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக நிறம் தீட்டிய படம், அதை எங்கும் ஒட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

காரணம் உங்களுக்கே தெரியும், சொல்லாமல் விடுகிறீர்கள். மட்டக்களப்பு மாவட்டத்தில் 14 பிரிவுகள். அவற்றின் எல்லைகள் பெரும்பாலும் எந்தச் சமூகம் எங்கே வாழ்கிறது என்பதோடு ஒட்டி ஓடுகின்றன. கடை எண்ணிக்கைக்கு ஏற்ப நிறம் தீட்டினால் முஸ்லிம்கள் வாழும் எங்கள் ஊர் வெள்ளையாகவும் பக்கத்துத் தமிழ்ப் பிரிவு கடும் சிவப்பாகவும் வரும். பார்க்கிறவன் சாராயத்தைப் பார்க்கமாட்டான், இனத்தைப் பார்ப்பான். பிறகு அந்தப் படம் முகநூலில் எந்தத் தலைப்போடு சுற்றும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மேலும் அது உண்மையும் அன்று. எங்கள் ஊருக்குள் கடை இல்லை என்பதற்காக எங்கள் ஊரில் குடிப்பவன் இல்லை என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். அவன் பிரதான வீதியில் அடுத்த ஊருக்குப் போய் வாங்குகிறான், அவ்வளவுதான். அவன் வாங்குகிற போத்தலும் உங்கள் கணக்கில் விழுகிறது. கடை நிற்கிற இடம் வேறு, குடி நடக்கிற வீடு வேறு.

சோக்குக்கட்டி | சனி, காலை 7.02

நானா சொன்னது தங்கமான விடயம். அமெரிக்க மதுவிலக்கு இயக்கத்தின் பெரிய ஆயுதமே அந்த நிறம் தீட்டிய படம்தான். மதுவை மூடிய மாவட்டம் வெள்ளை, மூடாதது கறுப்பு. வருடத்துக்கு வருடம் வெள்ளை பரவுவதைப் பார்த்த சட்டசபைக்காரர்கள் நாடே தங்கள் பக்கம் வந்துவிட்டதாக நினைத்தார்கள். ஆனால் வெள்ளையாகத் தெரிந்ததில் பெரும்பகுதி ஆள் குறைந்த நாட்டுப்புறம். கறுப்புப் புள்ளியாகச் சுருங்கிக் கிடந்தவை சனம் நெருங்கிய நகரங்கள். நிலம் வாக்களிக்காது, நிலம் குடிக்கவும் குடிக்காது. 1920இல் நாடு முழுவதும் தடை வந்தது, 1933இல் நீங்கியது.

எதிர்க்காற்று | சனி, காலை 9.40

எல்லோரும் நல்லவர்கள்போல் பேசுகிறீர்கள். நான் குடிப்பவன். குடிப்பவன் பக்கமிருந்து இரண்டு கேள்விகள்.

ஒன்று: உங்கள் படத்தில் கசிப்பு, அதுதான் கள்ளச்சாராயம், எங்கே? அனுமதிப் பத்திரம் உள்ள கடைக்குப் பெயர்ப்பலகை உண்டு, கதவு உண்டு, போயா (பூரணை) நாளில் பூட்டு உண்டு. அதனால் அது படத்தில் விழுகிறது. கண்டல் காட்டுக்குள் பரலில் கோடா ஊறுகிறதே, அதற்கு எந்த நிறம்? கடையை மூடினால் அந்தப் பரல் இரண்டாகும். அதைக் குறிக்க உங்களில் யாருக்குத் துணிவு இருக்கிறது? காய்ச்சுகிறவன் உங்கள் பெரியப்பா மகனாக இருப்பான்.

இரண்டு: லண்டனில் சார்ள்ஸ் பூத் என்று ஒரு பணக்காரர் இருந்தார். தெருத்தெருவாக வறுமையை நிறம் தீட்டிப் படம் போட்டவர். கறுப்பு என்றால் அடித்தட்டு, மஞ்சள் என்றால் செல்வர். பிறகு தேவாலயங்களையும் பாடசாலைகளையும் மதுக்கடைகளையும் ஒரே படத்தில் குறித்தும் வெளியிட்டார். சுமார் 4,000 வறிய குடும்பங்களின் கதையை எடுத்து, ஏன் வறுமை என்று பிரித்துப் பார்த்தார். மிக வறியவர்களில் 100க்கு 55 பேருக்கு வேலை இல்லாததும் கூலி போதாததும் காரணம். அடுத்த தட்டில் 68 பேருக்கு. குடி, ஊதாரித்தனம் போன்ற பழக்கங்கள் முதல் தட்டில் 14, அடுத்ததில் 13. இதை எந்த மதுவிலக்குக் கூட்டத்தில் சொல்கிறார்கள்? வயலில் கூலி எவ்வளவு, மீனுக்கு விலை எவ்வளவு, நுண்கடன் வாரத் தவணை எவ்வளவு என்று ஒரு வரைபடம் போடுங்கள். நானே சுவரில் ஒட்டித் தருகிறேன்.

இந்த ஊரில் "நீ என்ன குடி?" என்று கேட்டால் முன்பு தாய்வழிக் குலத்தின் பெயரைச் சொன்னார்கள். இப்போது கேட்டால் போத்தலின் பெயரைச் சொல்கிறார்கள். அதற்குக் கடை மட்டுமா காரணம்?

வாவிக்கரையான் | சனி, காலை 9.55

குடித்துவிட்டு எழுதுபவர்களுக்குப் பதில் சொல்லி

நெறியாளர் | சனி, காலை 10.01

மேலே உள்ள பதிவின் மீதிப் பகுதி நீக்கப்பட்டது. கேள்விக்குப் பதில் எழுதுங்கள், ஆளுக்கு எழுத வேண்டாம்.

படுவான்மகள் | சனி, பிற்பகல் 1.20

நான் குடும்பநலத் தாதி. வாவிக்கரையான் தம்பியின் ஊருக்கு இரண்டு ஊர் தள்ளி வேலை. ஸ்கூட்டரில் வீடுவீடாகப் போகிறவள்.

எதிர்க்காற்று அண்ணனுக்கு: நூற்றுக்கு 14 என்றால் ஏழு வீட்டுக்கு ஒரு வீடு. அது சிறிய எண் என்று புத்தகத்தில் தெரியலாம். அந்த ஏழாவது வீடு எது என்று என் கொப்பியில் இருக்கிறது. அந்த வீட்டில் நிறை குறைந்த குழந்தை இருக்கும், திரிபோஷாச் சத்துமாப் பொதி இரண்டு நாளில் முடிந்திருக்கும், அம்மாவின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருக்கும். தாலிக்கொடி அடகுக் கடையில். கூலி குறைவு என்று நீங்கள் சொல்வதும் உண்மைதான். குறைந்த அந்தக் கூலியும் வீட்டு வாசலுக்கு வராமல் வழியிலேயே நின்றுவிடுகிறது என்று நான் சொல்வதும் உண்மை.

வழியிலேயே என்றேன் அல்லவா, அதைத்தான் படத்தில் போட வேண்டும். கடை எத்தனை என்பது எனக்குப் பெரிதில்லை. கடை எந்த வழியில் நிற்கிறது? துறையடியில் பாதையால் இறங்குகிற கூலிக்காரர் வீட்டுக்குப் போக ஒரே வழி. ஊர்ச் சமுர்த்தி வங்கிக்குப் போகிற பெண்களுக்கும் அதே வழி. மாலை ரியூஷன் முடிந்து வருகிற பெண்பிள்ளைகளுக்கும் அதே வழி.

போன மாதம் எங்கள் தாய்மார் கூட்டத்தில் ஒரு விளையாட்டுச் செய்தோம். பிள்ளைகளிடம் வெள்ளைத் தாளைக் கொடுத்து, ரியூஷன் வகுப்பிலிருந்து வீட்டுக்கு வரும் வழியைக் கீறச் சொன்னோம். பதினொரு பிள்ளைகள். எல்லாத் தாளிலும் கோடு கடைத்தெருவால் நேராக வந்து, ஓர் இடத்தில் வளைந்து, வயல் வரம்பில் இறங்கி, கோயில் பின்வீதியால் ஏறுகிறது. வளைகிற இடத்தில் ஒரு பிள்ளையும் கடையைக் கீறவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அங்கே என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும்.

இன்னொன்று. தம்பியின் படத்தை என் மாமியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இது என்ன பிள்ளை, சாராயக்கடைக்கெல்லாம் பொட்டு வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். சிவப்பை மாற்றுங்கள்.

கடற்கரைவீதி நானா | சனி, பிற்பகல் 1.41

மாமிக்கு என் சலாம்.

தம்பிலுவில்காரி | சனி, மாலை 5.05

அம்பாறைக் கரையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் நிலம் ஒடுங்கி நீண்டது; ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல், நடுவில் ஒரே வீதி. வட்டம் போட்டால் பாதி வட்டம் கடலுக்குள் போய்விடும். அதனால் நாங்கள் வட்டம் போடாமல் வீதியை ஒரு நீளக் கயிறாக வரைந்து, அதில் பாடசாலை, கோயில், பஸ் தரிப்பிடம், கடை என்று முடிச்சுப் போட்டோம். ஓர் ஆள் காலையில் வெளிக்கிட்டு மாலையில் திரும்பும்போது எத்தனை முடிச்சைக் கடக்கிறான் என்பது ஒரே பார்வையில் தெரிந்தது.

படத்தில் காட்ட முடியாத ஒன்றையும் சொல்கிறேன். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் கதவு திறந்த நாளிலிருந்து குளிர்த்திச் சடங்கு முடியும்வரை எங்கள் தெருவில் குடித்துவிட்டு நடக்க ஒருவனுக்கும் துணிவு வராது. கடை அதே இடத்தில்தான் இருக்கிறது, தூரமும் அதே தூரம்தான். அம்மனுக்கு வரைபடம் தேவைப்படவில்லை. மற்ற மாதங்களுக்குத்தான் நாங்கள் பென்சில் எடுக்க வேண்டியிருக்கிறது.

சங்கிலி66 | சனி, இரவு 8.10

மகள் படுவான்மகள் சொன்ன பதினொரு தாள்களும் எனக்கு வேண்டும். நிழற்படம் எடுத்து அனுப்ப முடியுமா? பெயர்களை மறைத்துவிடுங்கள்.

வாவிக்கரையான் தம்பி, பழைய படத்தைத் தள்ளிவைப்போம். நான் வரைந்து தருகிறேன். செய்மதிப் படம் வேண்டாம். அதில் தென்னை மரம்தான் அதிகம் தெரியும். வெள்ளைத் தாள். வாவிக்கு வெறும் கரைக் கோடு. வீதி, வரம்பு, துறை, பாடசாலை, கோயில், சமுர்த்தி வங்கி. பொலிஸ் நிலையத்துக்கு அம்புக்குறி போட்டு '9 கிலோமீற்றர், வீதியால்'. இக்கரையில் இருக்கும் ஒரு கடைக்கும் கேட்டிருக்கும் ஒன்றுக்கும் கறுப்புச் சதுரம். மறுகரைக் கடைகளையும் போடுவோம், ஆனால் மறுகரையில் போடுவோம், பாதை ஓடும் நேரத்தையும் எழுதிவிடுவோம். எவன் எழுந்து கேள்வி கேட்டாலும் பதில் தாளிலேயே இருக்க வேண்டும். எல்லாத் தூரத்தையும் நடந்து அளந்து எழுதுங்கள். பாடசாலைக்கும் வழிபாட்டிடத்துக்கும் இத்தனை மீற்றருக்குள் கூடாது என்று விதி பேசும்போது வாசலிலிருந்து வாசலா, மதிலிலிருந்து மதிலா என்று வாதம் வரும். இரண்டையும் அளந்து வையுங்கள்.

கசிப்பைப் பற்றி எதிர்க்காற்று கேட்டது நியாயமான கேள்வி. அதைப் புள்ளியாகப் போட முடியாது. போட்டால் ஒருவனைக் காட்டிக்கொடுத்ததாகும், புள்ளியும் மறுநாள் இடம் மாறிவிடும். ஆனால் தாளின் கீழ் மூலையில் எழுதலாம்: 'அனுமதி பெற்ற கடைகள் மட்டும் இதில் உள்ளன.' அந்த ஒரு வரியை எழுதாத படத்தை நான் என் கையால் வரையமாட்டேன்.

எதிர்க்காற்று | சனி, இரவு 8.36

அந்த வரியை எழுதினால் எனக்கு வாதமில்லை. அளக்க ஆள் வேண்டுமென்றால் ஞாயிறு காலை வரமுடியும். காலையில் நான் தெளிவாகத்தான் இருப்பேன்.

வாவிக்கரையான் | சனி, இரவு 8.50

அண்ணன், காலையில் எழுதியதற்கு மன்னியுங்கள். ஆறரைக்குத் துறையடியில் நிற்பேன்.

வாவிக்கரையான் | வியாழன், இரவு 9.15 (பன்னிரண்டு நாட்களுக்குப் பிறகு)

இன்று கூட்டம் நடந்தது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

தாளைச் சுவரில் ஒட்ட விடவில்லை; பூச்சு உரியும் என்றார்கள். மேசையில் விரித்தோம். நான்கு மூலைக்கும் நான்கு கோப்பு பாரம். முதலில் ஒருவரும் கடையைப் பார்க்கவில்லை. மேசையைச் சுற்றி நின்ற எல்லோரும் விரலால் தங்கள் தங்கள் வீட்டைத் தேடினார்கள். ஒரு உத்தியோகத்தர் தன் மனைவியின் ஊர்க் கோயிலைக் கண்டுபிடித்துவிட்டு, தேர் வீதி கொஞ்சம் கோணல் என்றார். சங்கிலி ஐயா வந்திருந்தார். "இல்லை சேர், தேர் வீதியே கோணல்தான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு படத்தில் பிழை தேடுவதை விட்டுவிட்டார்கள்.

எதிர்பார்த்த கேள்வி வந்தது. மறுகரைக் கடைகளை ஏன் போட்டிருக்கிறீர்கள் என்றார் ஒருவர். பாதை கடைசியாகப் புறப்படும் நேரத்தைக் காட்டினோம். மாலை 6க்குப் பிறகு அந்தக் கடைகள் எங்களுக்கு இல்லை, துறையடியில் வந்தால் இரவு வரை இருக்கும் என்று மாதர் சங்கத் தலைவி சொன்னார். நான் முதலில் போட்ட வட்டத்தோடு போயிருந்தால் அந்த இடத்தில் என் நாக்கு ஒட்டியிருக்கும்.

பிறகு தலைமை தாங்கியவர் பென்சிலால் ஒரு கோட்டைத் தொடர்ந்துபோனார். பதினொரு பிள்ளைகளின் வழிகளையும் சேர்த்துச் சங்கிலி ஐயா மெல்லிய நீலத்தில் வரைந்திருந்தார். பென்சில் கடைத்தெருவால் வந்து, வளைகிற இடத்தில் நின்றது. "இது ஏன் இப்படி வயலுக்குள் இறங்குகிறது? இது வரம்பு அல்லவா, மழைக்குப் பாம்பு வருமே" என்றார். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். எதிர்க்காற்று அண்ணன் என் கையைப் பிடித்துவிட்டார். பின்வரிசையில் இருந்த ஒரு தாய், "பாம்பு பரவாயில்லை என்று பிள்ளைகள் சொல்கிறார்கள்" என்றார்.

முடிவு இன்னும் இல்லை. மதுவரித் திணைக்களத்துக்கு அறிக்கை கேட்டு எழுதுவதாகச் சொல்லி அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்திருக்கிறார்கள். தாளைத் திருப்பித் தரவில்லை. கோப்பில் வைத்துக்கொண்டார்கள்.

சங்கிலி66 | வியாழன், இரவு 9.28

மூலப்படம் என்னிடம் இருக்கிறது. கொடுத்தது பிரதி.

எதிர்க்காற்று | வியாழன், இரவு 9.40

எனக்கும் ஒரு பிரதி வேண்டும், ஐயா. மச்சான் கேட்கிறான். அவனுடைய மகளும் அந்த ரியூஷனுக்குத்தான் போகிறாளாம். பதினொன்றில் எது அவளுடைய கோடு என்று கேட்கிறான்.